முப்பத்தெட்டாம் எண்ணின் பாதி

2001 செப்டம்பர். விருத்தாசலம், பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் இரத்த மாதிரி சேகரிப்பு முகாம். பிறவியிலேயே இரத்தம் உறையாத நோய் உள்ள குடும்பங்கள் மட்டும் அழைக்கப்பட்டன. எண் 38: ஏழுமலை, வயது பதினேழு.

2002 மார்ச். மாதிரிகளை வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனத்துக்கு அனுப்ப மத்திய அரசின் குழு ஒப்புதல் அளித்தது. அதே மாதம் அனுப்பப்பட்டன. அனுப்பியவன் நான்.

2003 ஜூன். ஏழுமலை இறந்தார். வயது பத்தொன்பது.

2005 ஜனவரி. திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

2006 பிப்ரவரி. ஏழுமலையின் தமக்கை கஸ்தூரி, கருவுற்றுப் பத்தாவது வாரத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்தை அணுகினார்.

2006 மார்ச். அறிக்கை வழங்கப்பட்டது.

2008 மே. நான் ஓய்வு பெற்றேன்.

2009 ஜனவரி. என் மனைவி ஆரோக்கியமேரி காலமானார்.

மேலே உள்ளவை ஆவணங்களில் இருப்பவை. ஆவணங்களில் இல்லாததை எழுதித் தரும்படி, நான் பணியாற்றிய மரபணு ஆய்வுக்கூடத்தின் இளைய அறிவியலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். மனித உயிர்ப்பொருள்களைச் சேமிப்பது, பகிர்வது, வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு தயாராகிறதாம். நாட்டின் போட்டித்திறன் என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்தச் சொல்லை அந்தக் கூடத்தில் மிகுதியாகப் பயன்படுத்தியவன் நானாகத்தான் இருப்பேன். ஆகவே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விருத்தாசலத்தில் பள்ளி, சென்னையில் பட்டங்கள், வெளிநாட்டில் நான்கு ஆண்டு ஆராய்ச்சி, திரும்பி வந்து சென்னையில் மத்திய அரசின் வேலை. மேரி விருத்தாசலத்திலேயே கணித ஆசிரியையாக இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி வருவேன். திங்கள் காலை திரும்புவேன். இருபத்தாறு ஆண்டுகள் இப்படியே நடந்தன.

எங்கள் இயக்குநர் டாக்டர் ஞானசுந்தரி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய மேசையில் எப்போதும் ஒரு பென்சிலும் பாதி பிளேடும் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் எல்லா இடத்திலும் எரிசாராயம் தெறிக்கும். பேனா மை அதில் கரைந்துபோகும், பென்சில் கரையாது. ஆகவே மாதிரிக் குழாய்கள் அனைத்திலும் பென்சிலால்தான் எழுத வேண்டும். முகாம் பதிவேடு தமிழில் இருக்க வேண்டும். இரத்தம் கொடுத்தவர் வந்து கேட்டால் தன் வரியைத் தானே படித்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம்விட அவர் கண்டிப்புக் காட்டிய விதி ஒன்று உண்டு. எந்த மாதிரியையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெளியே போவது பாதி. மறு பாதி நம் உறைபெட்டியில் இருக்க வேண்டும்.

எந்தக் கோப்பில் கையெழுத்திடும் முன்பும் அவர் கேட்பது இதுதான்: "இது யாருடையது? அவங்க திரும்பி வந்து கேட்டா எங்கேருந்து எடுத்துக் குடுப்பீங்க?"

2002-இல் இந்த விதி எனக்கு எரிச்சலூட்டியது. காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை தரவில்லை, செய்முறைக்கே தந்தது. அந்த இடைவெளியில் நம் தொழிற்சாலைகள் உலகத்துக்கே மலிவு மருந்து செய்யக் கற்றன. உலக வணிக ஒப்பந்தத்தின்படி 2005-உடன் அந்தக் கதவு அடைபடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறர் கண்டுபிடித்ததை வேறு வழியில் செய்து பிழைத்த நாடு, இனித் தானே கண்டுபிடிக்க வேண்டும். மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவும் அப்போதுதான் வெளியாகியிருந்தது. ஓடுகிறவர்களோடு சேர்ந்து ஓட வேண்டும், இல்லையென்றால் நின்றுபோவோம் என்று நான் நம்பினேன். கூட்டாளி நிறுவனம் கருவிகள் தருவதாகச் சொன்னது. எங்களிடம் கேட்டது மாதிரிகள், அதிலும் நோயாளிகளின் மாதிரிகள், அதுவும் விரைவாக.

இயக்குநரிடம் நேராகவே வாதிட்டேன்.

"மேடம், ஒவ்வொண்ணையும் ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு இடத்துல எழுதி, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு முடிக்கிறதுக்குள்ள வேற நாட்டுக்காரங்க அனுப்பி முடிச்சிருவாங்க."

"அனுப்பட்டுமே. அனுப்பினதுக்கப்புறம் அவங்க நாட்டு ஜனங்க வந்து கேட்டா, யார் வூட்டுக் கதவைத் தட்டுவாங்க?"

"நாம பின்தங்கிடுவோம் மேடம்."

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே பேசினார். "மாத்திரை செய்யறதுல நம்மளை மிஞ்ச ஆளில்லைங்கிறாங்க. ஒத்துக்கறேன். ஆனா எந்த நோய்ல எந்த இடத்துல கை வைக்கணும்னு சொல்றது யாரு? அதைச் சொல்லப்போறது நம்ம உறைபெட்டியில இருக்கிற சரக்கு. அதையும் மொத்தமா ஏத்தி அனுப்பிட்டு, நாளைக்கு மருந்தை அவங்ககிட்டயே விலை பேசப் போறீங்களா? ஓடுங்க, வேண்டாங்கல. கையில இருக்கிறதைக் கீழே போட்டுட்டு ஓடாதீங்க."

நான் தலையசைத்தேன். மனம் ஒப்பவில்லை.

முகாமில் ஏழுமலையிடம் மிகக் குறைந்த இரத்தமே எடுக்க முடிந்திருந்தது. அந்த நோய் உள்ளவரின் தோலில் ஊசி நுழைவதே யோசித்துச் செய்ய வேண்டியது. எடுத்த பிறகு மேரிதான் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகாமுக்கு வந்த குடும்பங்கள் அவளை நம்பித்தான் வந்தன. ஏழுமலையும் கஸ்தூரியும் அவளிடம் கணிதம் படித்தவர்கள். தாயார் அஞ்சலை பீங்கான் பொம்மைகளுக்குப் பிசிறு வழிக்கும் வேலை செய்பவர். அவரிடம் மேரி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "பாதி வெளியே போவும் அஞ்சலை. பாதி இங்கயே இருக்கும். எப்பக் கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க."

அனுப்பும் நாளில் என் கையில் இருந்த 38-ஆம் குழாயில் அடிப்பகுதியை நனைக்கும் அளவே இருந்தது. பிரித்தால் இரண்டு பாதியுமே பயன்படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 41, 44 ஆகியவையும் அப்படியே. மூன்றும் நோயாளிகளுடையவை, மூன்றையும் அனுப்பும் பெட்டியில் முழுதாகவே வைத்து மூடினேன். பதிவேட்டில் கடைசிக் கட்டம், "இங்கே உள்ளது" என்பது. 37-ஆம் வரியில் "பாதி, இரண்டாம் தட்டு" என்று எழுதினேன். அதன் கீழே, நம் அலுவலகங்களில் எல்லோரும் செய்வதுபோல், பக்கம் முடியும் வரை "மேற்படி" "மேற்படி" என்று எழுதிக்கொண்டே போனேன். எந்த வரியில் என்ன எழுதுகிறோம் என்று பார்க்காமலே கை போகும் வேலை அது. பொய் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எழுதியது பொய்.

கஸ்தூரி 2006 பிப்ரவரியில் கணவரோடு சென்னைக்கு வந்தார். வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்தில் உணவுக்கடை நடத்தும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார்.

"எங்க மாமியார் சொல்லிட்டாங்க சார். ரத்தம் நிக்காத புள்ள பொறக்குமா பொறக்காதான்னு டாக்டருங்க எழுதிக் குடுத்தா வச்சிக்க, இல்லாட்டி கலைச்சிடுன்னு. நாலு வாரத்துக்குள்ள சொல்லணுமாம். அவங்களும் கெட்டவங்க இல்ல சார். தம்பி போனப்ப வந்து பார்த்தவங்க, பயந்துட்டாங்க."

"நீ என்னம்மா நெனைக்கிற?"

"எனக்குத் தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான்."

இந்த நோயைப் பெண்கள் கடத்துவார்கள். ஆண் பிள்ளைகளிடம் அது வெளிப்படும். அஞ்சலையின் தமையனும் இரத்தம் நிற்காமல் போனவர், மகனும் அப்படியே. ஆகவே அஞ்சலையிடம் பழுது உண்டு என்பதில் ஐயமில்லை. தாயிடமுள்ள இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் பழுது, மற்றொன்று நல்லது. கஸ்தூரிக்கு எது வந்தது என்பதே கேள்வி. அன்று எங்களிடம் இருந்த வழி, பழுதை நேரே தேடாமல், அதை ஒட்டியுள்ள ஓர் அடையாளக் குறியின் நீளத்தைப் பார்ப்பது. உறைபெட்டியில் இருந்த பாதிகளை எடுத்து அன்றே தொடங்கினோம். அஞ்சலையிடம் நீளக்குறி ஒன்று, குட்டைக்குறி ஒன்று. கஸ்தூரியின் தந்தையிடம் குட்டை. கஸ்தூரியிடம் இரண்டும் குட்டை. ஆக, தாயிடமிருந்து கஸ்தூரி பெற்றது குட்டைக்குறி.

பழுது ஒட்டிக்கொண்டிருப்பது குட்டையோடா, நீளத்தோடா? அதைச் சொல்லக்கூடியவர் ஏழுமலை ஒருவரே. அஞ்சலையின் தந்தையும் தமையனும் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஏழுமலையிடம் நீளக்குறி இருந்தால் கஸ்தூரி தப்பினார். குட்டை என்றால் இல்லை.

பதிவேட்டைத் திறந்தேன். 38: மேற்படி. உறைபெட்டியின் இரண்டாம் தட்டைத் திறந்தேன். 37 இருந்தது. 39 இருந்தது. நடுவில் குழி.

பத்து நிமிடம் கழித்து இயக்குநரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பதிவேட்டை வாங்கினார். 38-ஆம் வரியின் "மேற்படி"யைப் பென்சிலால் ஒரே கோடாக அடித்து, அருகில் "இல்லை" என்று எழுதி, என்னிடம் திருப்பினார்.

"கையெழுத்துப் போட்டுத் தேதி போடுங்க. இந்தப் பக்கத்துல வேற எது?"

"41. 44."

அவற்றையும் அடித்தார். "மூணு வூட்டுக்கும் நீங்கதான் போய்ச் சொல்லணும். முதல்ல இந்தம்மா. நிறுவனத்துக்கு இன்னிக்கே எழுதுங்க, பதில் வரும்னு காத்திருக்காதீங்க. அந்தப் பையன் உடம்புலேருந்து வந்தது ஏதாவது வூட்ல இருக்குதான்னு பாருங்க. பல்லு, முடி, சவரம் பண்ண பிளேடு, எதுவா இருந்தாலும்."

நிறுவனத்துக்கு எழுதினேன். அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது, திட்டம் மூடப்பட்டது, பொருள்கள் எங்கே என்று தேடிச் சொல்கிறோம் என்று பண்பான பதில் வந்தது. ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கொடுப்பதற்கு ஒன்பது பத்திகள் இருந்தன. திருப்பிக் கேட்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒப்பந்த வரைவைச் சரிபார்த்ததும் நானே.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து மேரியிடம் சொன்னேன். நீயே அஞ்சலையிடம் பக்குவமாகச் சொல்லிவிடேன் என்றும் கேட்டேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"வாக்குக் குடுத்தது நான். தொலைச்சது நீங்க. நான் கூட வரேன். பேச மாட்டேன்."

மறுநாள் காலை போனோம். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் பலகையில் வரிசையாக நின்றன. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழுந்த கோட்டை அஞ்சலை ஈரப் பஞ்சால் வழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். வாங்க சார். பொம்மை மேல பட்டுடாம இப்படி வந்து ஒக்காருங்க."

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அஞ்சலை பஞ்சைக் கீழே வைக்கவில்லை.

"பாதி இங்கயே இருக்கும்னாங்களே டீச்சர்?"

மேரி என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க. என் தப்பு. முழுசா அனுப்பிட்டேன்" என்றேன்.

"எங்க?"

"வெளிநாட்டுக்கு."

"எம் புள்ளைய பாண்டிச்சேரிக்கு வேன்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போனோம் சார். கம்மாபுரம் தாண்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவன் ரத்தம் மட்டும் ஏரோப்ளேன்ல போயிருக்குதா?" அவர் சிரித்தார். "போவட்டும். பாஸ்போர்ட்டு இல்லாமலே போயிருக்கான்."

இயக்குநர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பல், முடி, சீப்பு?

"எல்லாத்தையும் மணிமுத்தாத்துல வுட்டாச்சு சார். துணி, சீப்பு, செருப்பு எல்லாம். எங்க வழக்கம் அது. போனவங்களோடத வூட்ல வைக்க மாட்டோம்."

நான் எழுந்திருக்கப் போனேன். மேரி தான் சொன்ன சொல்லை அப்போது மீறினாள்.

"அஞ்சலை. அரைஞாண்ல கட்டியிருந்த தாயத்து?"

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும், அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். எனக்குத் தெரியாத செய்தியன்று. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு, அது ஒரு மாதிரி என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அஞ்சலையின் கை ரவிக்கையின் கழுத்துக்குப் போனது. கறுப்புக் கயிற்றில் அது அவருடைய கழுத்திலேயே இருந்தது.

"இதத் தர மாட்டேன் டீச்சர். ஆத்துல வுடும்போதுகூட இத வுடல. வூட்ல யாருக்கும் தெரியாது. கேக்காதீங்க."

"கேக்கல" என்றாள் மேரி.

வெளியே வந்ததும் என்னைக் கடிந்துகொள்வாள் என்று நினைத்தேன். கடியவில்லை, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், வந்தாள். அஞ்சலை வீட்டுப் பக்கம் போகவில்லை. எவ்வளவு சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கள் காலை விருத்தாசலம் சந்திப்பின் நடைமேடையில், என் பெட்டி நிற்கும் இடத்தில், அஞ்சலையும் கஸ்தூரியும் நின்றிருந்தார்கள். அஞ்சலை கையில் ஒரு துணிப்பை.

"நானும் வரேன் சார். இத உங்க கையில குடுத்தனுப்ப மாட்டேன். ஒரு தடவ குடுத்தனுப்பிட்டுத்தான் இப்படி நிக்கறேன்."

"சரிங்க."

"பாதிதான் எடுக்கணும். டீச்சர் சொன்ன பாதி. மீதி எங்கூடவே திரும்பி வரணும்."

ஆய்வுக்கூடத்தில் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவருக்கு நாற்காலி போட்டோம், அவர் உட்காரவில்லை. இயக்குநர் கையுறையோடு வெளியே வந்து, தாம் செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். தாயத்தின் மூடி அரக்கால் அடைக்கப்பட்டிருந்தது. அரக்கைச் சுரண்டித் திறந்தால் உள்ளே, காய்ந்த மிளகாயின் காம்பு அளவில், கறுத்துச் சுருங்கிய ஒன்று இருக்கும். இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பொருள்.

இயக்குநர் பிளேடை எடுத்தபோது அஞ்சலை கண்ணாடியைத் தட்டினார்.

"சார், அந்தம்மாகிட்ட சொல்லுங்க. பச்சையா இருந்தா எப்படி வேணா அறுக்கலாம். இது நல்லாக் காஞ்சது. ஒரே அழுத்தா அழுத்தணும். இழுத்து அறுத்தா உதுந்து போவும்."

போய்ச் சொன்னேன். இயக்குநர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துத் தலையசைத்து, ஒரே அழுத்தாக அழுத்தினார். இரண்டாயிற்று. எந்தப் பாதி பெரியது என்று பார்த்து, பெரியதைத் தாயத்துக்குள் வைத்து, புது மெழுகால் அடைத்து, அஞ்சலையின் கையில் கொடுத்தார். அதன் பிறகே எங்கள் பாதி குழாய்க்குள் போனது. பதிவேட்டில் புதிய வரியை நான் எழுதினேன். எட்டுக் கட்டங்களையும் முழுச் சொற்களால் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில்: "பாதி, தாயாரிடம்." அஞ்சலை அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

முதல் முயற்சி தோற்றது. பொருளைக் கரைத்து, சுத்தம் செய்து, மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கும் வினைக்கு உட்படுத்தி, குறிகள் கோடுகளாகப் பிரிந்து தெரியும் ஜெல்லில் ஓட்டினோம். ஏழுமலைக்குரிய வரிசையில் ஒன்றுமே இல்லை. கரைசலின் அளவை இரட்டித்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் இல்லை. கஸ்தூரியின் நான்கு வாரத்தில் இரண்டரை போயிருந்தது.

"மேடம், பொருள் பத்தலை. மறு பாதியையும் கேட்டுப் பார்க்கலாம். நிலைமையைச் சொன்னா குடுப்பாங்க."

"குடுப்பாங்க" என்றார் இயக்குநர். "அதனாலதான் கேக்கக் கூடாது. அது அவங்க பாதி. நம்ம பாதியில என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

கரைசலை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார். மங்கிய தேநீர் நிறம்.

"பத்தாம இல்ல, அதிகமாயிடுச்சு. இத்தனை வருசம் காஞ்சு கிடந்த பொருள்ல மரபணுவோட சேர்ந்து கசடும் வந்திருக்கு. அது வினையை மறிக்குது. நீங்க இன்னும் ஊத்தினா மறிக்கிறதும்தானே கூடுது? பத்துல ஒண்ணாக் குறைங்க."

கூட்டுவதையே அறிந்திருந்த எனக்குக் குறைப்பது தோன்றவில்லை. பத்தில் ஒன்றாகக் குறைத்தேன். மறுநாள் பிற்பகலில் ஜெல்லை விளக்கின் மேல் வைத்தோம்.

அச்சம் ஒன்று எனக்குள் இருந்தது. அஞ்சலை அதை மூன்றாண்டுகள் மார்பின் மேல் அணிந்திருந்தார். அவருடைய வியர்வையும் தோலும் உள்ளே புகுந்திருந்தால், நாங்கள் காணப்போவது மகனை அன்று, தாயை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே; ஆகவே ஒரு கோடுதான் வர வேண்டும். இரண்டு கோடு வந்தால் அது தாய்.

ஒரு கோடு. மெல்லியது, ஆனால் தெளிவானது. நீளக்குறி.

தாயின் சாயல் அதில் துளியும் இல்லை. அரக்கு தன் வேலையைச் செய்திருந்தது. இயக்குநர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. புதிதாக இன்னொரு முறை, வேறொருவர் கையால் செய்யச் சொன்னார். அதிலும் அதே கோடு. பழுது நீளக்குறியோடு போனது. கஸ்தூரிக்கு வந்தது குட்டை.

அறிக்கையை நானே விருத்தாசலத்துக்குக் கொண்டுபோனேன். மேரியும் வந்தாள். குறியும் பழுதும் பிரிந்துபோகும் வாய்ப்பு மிகச் சிறிய அளவில் உண்டு, ஆகவே நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன் என்று, அங்கே வந்திருந்த கஸ்தூரியின் மாமியாரிடமும் சொன்னேன். அவர் அறிக்கையின் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"நூத்துக்கு நூறுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேன் சார்" என்றார். "கலைக்க வேணாம்."

செப்டம்பரில் கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெண் என்பதால், அறிக்கை சரியா தவறா என்பதை அக்குழந்தை எங்களுக்கு மெய்ப்பித்துக் காட்டவில்லை, நலமாக இருக்கிறது. நிறுவனத்தின் பதில் அதற்கும் ஒரு மாதம் கழித்து வந்தது. திட்டம் மூடப்பட்டபோது மாதிரிகள் விதிப்படி அழிக்கப்பட்டனவாம்.

இனி, இளையவர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

வேகமே போட்டித்திறன் என்று நான் நம்பியது தவறு. இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். 2007-இல் இன்னொரு வெளிநாட்டு நிறுவனம் வந்தது. இம்முறை மாதிரி எதுவும் வெளியே போகவில்லை. ஆய்வு இங்கேயே நடக்க வேண்டும், கருவி இங்கே வர வேண்டும், நம் ஆட்கள் அதை இயக்கக் கற்க வேண்டும், கண்டறிவதில் பங்கு வேண்டும் என்றோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நம்மிடம் பேரம் பேசும் வலிமை எங்கிருந்து வந்தது? நம் உறைபெட்டியில் இருந்த பாதிகளிலிருந்து. நம் குடும்பங்களில் எந்தக் குறி எத்தனை பேரிடம் உண்டு என்று நாமே அளந்து வைத்திருந்த அட்டவணையிலிருந்து. மருந்து கண்டுபிடிக்கும் நாடாக மாற நமக்கு அறிவுக் குறைவில்லை, கைத்திறன் குறைவில்லை. கொடுக்கும்போதே திருப்பிக் கேட்கும் வழியை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் குறைவு. அதை எழுதுவது தாமதமாகாது. நான் அனுப்பிய வேகத்தில் அனுப்பி, நான்காண்டுக்குப் பின் ஒரு வெற்றுக் குழியைப் பார்த்து நிற்பதுதான் தாமதம்.

அனுமதிக் குழுக்களே வேண்டாம் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எனக்கும் குழுவின் ஒப்புதல் இருந்தது. குழு தாளைப் பார்த்தது, குழாயைப் பார்க்கவில்லை. ஆகவே குழுவை நீக்க வேண்டியதில்லை. அனுப்பும் நாளில், அனுப்பாத ஒருவர் உறைபெட்டியைத் திறந்து, தங்கிய பாதியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே கடைசிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். எங்கள் கூடத்தில் 2006 முதல் அப்படித்தான். "மேற்படி" என்ற சொல் எங்கள் பதிவேடுகளில் இல்லை.

டாக்டர் ஞானசுந்தரி எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் விட்டுச்சென்ற பென்சில்களில் ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கட்டுரையின் முதல் படியை அந்தப் பென்சிலைக் கொண்டே எழுதினேன்.

மேரியின் அடக்கம் முடிந்த வாரத்தில் அஞ்சலை வீட்டுக்கு வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிறு தெரிந்தது, இப்போது மறைப்பதில்லை. எதிர் நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "போயிட்டு வரேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

முடிக்காமல் இருப்பவை:

எண் 38-இன் கரைசலில் எஞ்சியிருப்பதை, இப்போது கூடத்துக்கு வந்துள்ள, பழுதை நேரே தேடும் முறையால் படித்து, பழுதின் இடத்தைக் குறிப்பது. கஸ்தூரியின் மகளுக்கு நூற்றுக்கு நூறு என்று ஒருநாள் சொல்ல முடிய வேண்டும்.

அரசுக்கான குறிப்பில், திருப்பிக் கேட்பதற்கான பத்தியை எழுதித் தருவது. இளையவர்கள் எனக்காக இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

எண் 44. குடும்பம் கம்மாபுரத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடம் மாறிவிட்டது. புது முகவரியைக் கண்டுபிடித்து, நேரில் சொல்வது.

எண் 41. மங்கலம்பேட்டை. மகன் வளைகுடாவில் வேலை. தாயார் மட்டும் வீட்டில். மேரியின் குறிப்பேட்டில் தெருவின் பெயரும், வெள்ளிக்கிழமை தொழுகை நாள், போக வேண்டாம் என்பதும் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. மூன்றாண்டுகளாக நான் தள்ளிப்போட்ட வேலை இது. சேர்ந்து போவதாகவே இருந்தோம். இனி நான் தனியாகப் போய், நானே பேச வேண்டும்.